கறுப்பின மகளிர் கல்லூரியில் சேர எண்ணுவோர் எதை முதலில் விசாரிக்க வேண்டும்? பென்னட்டை முன்வைத்து ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கென்றே நடக்கும் நான்காண்டுக் கல்லூரிகளில் இன்று எஞ்சியிருப்பவை இரண்டுதான். ஒன்று, அட்லாண்டாவில் 1881-இல் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் தொடங்கப்பட்ட ஸ்பெல்மன். மற்றொன்று, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் 1873-இல், அதுவும் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில்தான், இருபாலர் பள்ளியாகத் தொடங்கி 1926-இல் மகளிர் கல்லூரியாக மாறிய பென்னட். ஸ்பெல்மனில் 2,000-க்கும் மேற்பட்ட மாணவியர் படிக்கிறார்கள். பென்னட்டில் இருப்பவர்கள் சில நூறு பேர். ஸ்பெல்மனைப் பொறுத்தவரை இடம் கிடைக்குமா என்பதே பெரும்பாலான குடும்பங்களின் கவலை. பென்னட்டில் இடம் கிடைப்பது அவ்வளவு கடினமன்று. கிடைத்த இடத்தை ஏற்பதா என்று முடிவு செய்வதுதான் கடினம். எனவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் பென்னட்டை வைத்தே பேசுகிறது. வரலாற்றுப் பெருமையும் குறைந்த பண வசதியும் ஒருங்கே உடைய எந்தச் சிறு கல்லூரிக்கும் இதே வழிமுறை பொருந்தும்.

பொதுவாகக் குடும்பங்கள் முதலில் வளாகத்தைப் போய்ப் பார்க்கின்றன. பெண்ணுக்கு அந்த இடம் பிடித்துவிடுகிறது. அதன்பின் கட்டணத்தைக் கணக்கிடுகின்றன. அங்கீகாரம் பற்றிய கேள்வி கடைசியில்தான் வருகிறது, சில வேளைகளில் வருவதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. அங்கீகாரம், பணம், துறை, அதன்பிறகு வளாகம் என்று போனால், மனம் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்வதற்கு முன்பே அறிவு தன் வேலையை முடித்திருக்கும்.

தொடங்கும் முன் ஒரு விளக்கம்

வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரி என்பது வெறும் வழக்குச் சொல் அன்று. அது சட்டத்தில் வரையறுக்கப்பட்ட ஒரு வகை. கறுப்பின அமெரிக்கர்களின் கல்வியை முதன்மை நோக்கமாகக் கொண்டு 1964-க்கு முன் நிறுவப்பட்ட, முறையான அங்கீகாரம் உடைய நிறுவனங்களையே 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் இந்தப் பெயரால் குறிக்கிறது. நாடு முழுவதும் இத்தகையவை ஏறத்தாழ 100 உள்ளன. இவற்றுக்குத் தனியாகக் கூட்டாட்சி அரசின் நிதி ஒதுக்கீடு உண்டு. இவற்றில் எந்த இனத்தவரும் விண்ணப்பிக்கலாம். எல்லாக் கல்லூரிகளையும் சேர்த்துப் பார்த்தால் மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர் அல்லாதோர். ஆனால் இந்த விகிதம் கல்லூரிக்குக் கல்லூரி பெரிதும் வேறுபடுகிறது. பென்னட், ஸ்பெல்மன் இரண்டிலும் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பினப் பெண்களே.

முதற்படி: அங்கீகாரம்

அங்கீகாரம் இல்லாத கல்லூரியின் மாணவிக்குக் கூட்டாட்சி அரசின் உதவித்தொகையும் கிடைக்காது, கடனும் கிடைக்காது. கட்டணத்தின் பெரும்பகுதியை அந்தப் பணத்தால் ஈடுகட்டும் மாணவியர் நிறைந்த கல்லூரியில் அங்கீகாரம் போனால், கதவை மூடுவதைத் தவிர வேறு வழி அநேகமாக இராது. இது எவ்வளவு நெருக்கத்தில் வந்து நிற்கக்கூடும் என்பதற்குப் பென்னட்டே சான்று.

தென்மாநிலக் கல்லூரிகளை மதிப்பிடும் சாக்ஸ்காக் ஆணையம், ஈராண்டுக் காலம் கண்காணிப்பில் வைத்திருந்த பென்னட்டின் அங்கீகாரத்தை 2018 டிசம்பரில் நீக்கியது. காரணம் பாடத்தின் தரமோ ஆசிரியர் குறைவோ அன்று. நிதி நிலை போதாது என்பதே. கல்லூரி மேல்முறையீடு செய்தது. 50 லட்சம் டாலரை இலக்காக வைத்து நிதி திரட்டத் தொடங்கியது. முன்னாள் மாணவியர், தேவாலயங்கள், முகம் தெரியாத சிறு கொடையாளர்கள் எனப் பலரும் கொடுத்தார்கள். அருகிலுள்ள ஹை பாயின்ட் பல்கலைக்கழகம் மட்டும் 10 லட்சம் டாலர் வழங்கியது. சில வாரங்களில் இலக்கைத் தாண்டி 80 லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. அப்படியிருந்தும் 2019 பிப்ரவரியில் மேல்முறையீடு தள்ளுபடி ஆயிற்று. கல்லூரி நீதிமன்றம் சென்றது. வழக்கு நடந்த காலத்தில் நீதிமன்ற ஆணையின் பலத்தால் அங்கீகாரம் தொடர்ந்தது. பின்னர் கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கான தேசிய அமைப்பான ட்ராக்ஸின் அங்கீகாரத்தைப் பென்னட் பெற்றது.

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு உடனே பின்வாங்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று கேள்விகளுக்கு எழுத்து மூலம் விடை பெறாமல் அடுத்த படிக்குப் போகவும் கூடாது.

முதலாவது, இன்றைய தேதியில் அங்கீகாரம் எந்த நிலையில் உள்ளது, அடுத்த மறு ஆய்வு எப்போது என்பது. கல்லூரியின் இணையப் பக்கத்தை மட்டும் நம்பாமல், அமெரிக்கக் கல்வித் துறை வைத்திருக்கும் அங்கீகாரத் தரவுத்தளத்தில் நேரடியாகப் பாருங்கள். எச்சரிக்கை, கண்காணிப்பு, நீக்கம் ஆகிய எல்லாம் அதில் தேதியோடு பதிவாகியிருக்கும்.

இரண்டாவது, இந்த அமைப்பின் அங்கீகாரம் உங்கள் பெண் அடுத்துப் போக நினைக்கும் இடத்தில் செல்லுமா என்பது. சாக்ஸ்காக் போன்ற வட்டார அமைப்பு, ட்ராக்ஸ் போன்ற தேசிய அமைப்பு என்ற பிரிவினையைக் கல்வித் துறை 2020-இல் தன் விதிகளிலிருந்து எடுத்துவிட்டது. ஆயினும் ஒரு கல்லூரியில் முடித்த பாடங்களை இன்னொரு கல்லூரி ஏற்பதா இல்லையா என்பது அந்தந்தக் கல்லூரியின் உரிமை. பழைய பிரிவினையை இன்றும் மனத்தில் வைத்திருக்கும் நிறுவனங்கள் உள்ளன. இரண்டாம் ஆண்டில் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணமோ, சட்டம், மருத்துவம் போன்ற மேற்படிப்புத் திட்டமோ இருந்தால், அங்குள்ள சேர்க்கை அலுவலகத்துக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, கல்லூரி மூடப்பட நேர்ந்தால் மாணவியர் படிப்பை முடிக்க எந்தக் கல்லூரியோடு உடன்பாடு செய்யப்பட்டுள்ளது என்பது. கேட்கவே சங்கடமாக இருக்கும் கேள்விதான். ஆனால் நிதி நெருக்கடியைக் கடந்து வந்த கல்லூரியின் அலுவலர்கள் இந்தக் கேள்வியைப் பலமுறை எதிர்கொண்டவர்கள். நேராகப் பதில் சொல்வார்கள். சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். படிக்கும்போதே கல்லூரி மூடப்பட்டு, படிப்பை வேறிடத்தில் முடிக்காத மாணவியின் கூட்டாட்சிக் கடன் தள்ளுபடி ஆவதற்கு விதி உண்டு. தனியார் வங்கியில் வாங்கிய கடனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

நிதி நிலையைத் தாமே ஆராய விரும்புவோருக்கு இன்னொரு எண் உதவும். தனியார் கல்லூரிகளின் நிதிப் பொறுப்பைக் கல்வித் துறை ஆண்டுதோறும் −1 முதல் 3 வரையிலான அளவில் மதிப்பிடுகிறது. 1.5-உம் அதற்கு மேலும் நல்ல நிலை. 1-க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். ஓராண்டு எண்ணை வைத்து முடிவெடுக்காமல், ஐந்தாண்டு எண்களை அருகருகே வைத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: பணம்

சேர்க்கைக் கடிதத்தோடு வரும் நிதியுதவிக் கடிதத்தைப் படிப்பது தனிக் கலை. மாதிரிக்கு ஒரு கணக்கு. கல்விக் கட்டணம், விடுதி, உணவு, புத்தகம், பயணம் எல்லாம் சேர்த்து ஓராண்டுச் செலவு 34,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தில் ஐந்து வரிகள் உள்ளன: கூட்டாட்சி அரசு வருமான அடிப்படையில் தரும் பெல் உதவித்தொகை 7,395, கல்லூரியின் உதவித்தொகை 8,000, கூட்டாட்சிக் கடன் 5,500, வளாக வேலை 2,000, பெற்றோர் கடன் 11,105. அடியில் 'நீங்கள் செலுத்த வேண்டியது 0' என்று இருக்கும். பூஜ்யத்தைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. திருப்பித் தரவோ உழைத்து ஈட்டவோ வேண்டாத பணம் முதல் இரண்டு வரிகள் மட்டுமே. ஆகவே உண்மையான செலவு ஆண்டுக்கு 18,605 டாலர். கட்டணம் ஒரு காசும் ஏறாது என்று எடுத்துக்கொண்டாலும் நான்கு ஆண்டுக்கு 74,420 டாலர். வளாக வேலைப் பணமும் முன்கூட்டிக் கழிக்கப்படுவதன்று. வேலை செய்தபின் சம்பளமாக வருவது. செமஸ்டர் தொடக்கத்தில் கட்ட வேண்டிய தொகையை அது குறைக்காது.

பெல் உதவித்தொகையின் உச்சவரம்புதான் மேலே உள்ள 7,395. வருமானத்தைப் பொறுத்து அது குறையும், சிலருக்கு இல்லாமலும் போகும். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவி முதலாண்டில் பெறக்கூடிய நேரடிக் கூட்டாட்சிக் கடன் 5,500 டாலருக்கு மேல் இல்லை. பெற்றோர் கடனில்தான் அண்மையில் பெரிய மாற்றம் வந்துள்ளது. 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் குடும்பங்களுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு விதிக்கப்பட்டுள்ளது. கறுப்பினக் கல்லூரிகளில் இந்தக் கடனை நம்பிப் படிக்கும் குடும்பங்கள் அதிகம் என்பதால், பக்கத்து வீட்டுப் பெண் நான்கு ஆண்டுக்கு முன் எப்படிச் சமாளித்தாள் என்பதை இன்றைய கணக்குக்கு அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்.

உதவிக்கான ஊற்றுகளைத் தேடும்போது மூன்று இடங்களை மறக்கக் கூடாது. 1944-இல் தொடங்கப்பட்ட ஐக்கிய நீக்ரோ கல்லூரி நிதியத்தில் பென்னட், ஸ்பெல்மன் இரண்டும் உறுப்புக் கல்லூரிகள். அந்த நிதியம் வழங்கும் உதவித்தொகைகள் பல. பென்னட் மெதடிஸ்ட் திருச்சபையோடு தொடர்புடையது. கறுப்பினக் கல்லூரிகளுக்கென அத்திருச்சபை நடத்தும் நிதி ஒன்று உண்டு. வட கரோலினாவில் குடியிருப்போர் தனியார் கல்லூரிகளில் படிக்க, வருமான அடிப்படையில் அம்மாநிலம் தரும் உதவித்தொகையும் உண்டு. இவற்றில் பலவற்றுக்கும் வாசல், கூட்டாட்சி மாணவர் உதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சா படிவமே. அது வழக்கமாக அக்டோபர் முதல் தேதி திறக்கும். சில உதவித்தொகைகள் நிதி தீரும்வரைதான் என்பதால் தள்ளிப்போடாமல் நிரப்பிவிடுவது நல்லது.

நிதியுதவி அலுவலகத்திடம் கேட்க வேண்டியவை இரண்டு. கல்லூரியின் உதவித்தொகை நான்கு ஆண்டும் தொடர எவ்வளவு மதிப்பெண் சராசரி தேவை. வெளியிலிருந்து வேறு உதவித்தொகை கிடைத்தால் கல்லூரி தன் தொகையைக் குறைத்துக்கொள்ளுமா? இரண்டாவதற்கு 'ஆம்' என்று பதில் வந்தால், ஓராண்டு முழுவதும் கட்டுரை எழுதி அனுப்பிப் பெற்ற உதவித்தொகையின் பயன் உங்கள் குடும்பத்துக்கு வராமல் கல்லூரிக்கே போய்விடும்.

மூன்றாம் படி: துறை

சிறு கல்லூரியின் பாடப்பட்டியல் அந்தக் காலத்து உணவக விலைப்பட்டியல் மாதிரி. அதில் எழுதியிருப்பதெல்லாம் இன்று அடுப்படியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு துறையில் முழுநேரப் பேராசிரியர்கள் இருவர் இருந்து, ஒருவர் விடுப்பில் போனால், உயர்நிலைப் பாடங்களில் பாதி அந்த ஆண்டு நடக்காது. சில பாடங்கள் ஈராண்டுக்கு ஒருமுறைதான் வரும். அதைத் தவறவிட்டவள் ஒரு செமஸ்டர் கூடுதலாகப் படிக்க நேரும்.

ஆகவே பாடப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, பதிவாளர் அலுவலகத்திடம் கடந்த நான்கு செமஸ்டர்களின் வகுப்பு அட்டவணையைக் கேளுங்கள். உங்கள் பெண் விரும்பும் துறையில் எந்தெந்தப் பாடங்கள் உண்மையிலேயே நடந்தன, யார் நடத்தினார்கள் என்பது அதில் தெரியும். அடுத்து, அரசின் காலேஜ் நேவிகேட்டர் தளத்தில் அந்தக் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தால், ஒவ்வொரு துறையிலும் ஓராண்டில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்ற எண் இருக்கும். ஒருவர், இருவர் என்று இருந்தால் அத்துறையின் எதிர்காலம் பற்றித் துறைத் தலைவரிடமே கேட்டுவிடலாம். சமூகப்பணி, ஆசிரியப் பயிற்சி போன்ற உரிமம் தேவைப்படும் படிப்புகளுக்குக் கல்லூரியின் பொது அங்கீகாரம் மட்டும் போதாது. அந்தப் படிப்புக்கெனத் தனி அங்கீகாரமும் மாநில ஒப்புதலும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அதே தளத்தில் பட்டம் முடிப்போர் விகிதமும் இருக்கும். பலர் அதை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள், அது சரியன்று. முதன்முறையாக, முழுநேர மாணவியாகச் சேர்ந்தவர்கள் ஆறு ஆண்டுக்குள் அதே கல்லூரியில் முடித்தார்களா என்பதையே அந்த எண் முதன்மையாகக் காட்டுகிறது. இடையில் வேறு கல்லூரிக்கு மாறி அங்கே முடித்தவள் அந்தக் கணக்கில் முடிக்காதவளே. 60 பேர் சேர்ந்த ஆண்டில் ஆறு பேர் விலகினால் விகிதம் 10 புள்ளி சரிந்துவிடும். மேலும், பெல் உதவித்தொகை பெறுவோர் மிகுதியாகப் படிக்கும் கல்லூரியைப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரியோடு ஒப்பிட்டால் தெரிவது குடும்ப வருமானமே, கற்பித்தல் அன்று. அதே அளவு பெல் மாணவர்கள் உள்ள கல்லூரிகளோடு ஒப்பிடுங்கள்.

பக்கத்துக் கல்லூரிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்

ஸ்பெல்மன் தனித்து நிற்கும் கல்லூரி அன்று. ஆண்கள் கல்லூரியான மோர்ஹவுஸ், கிளார்க் அட்லாண்டா பல்கலைக்கழகம், மோர்ஹவுஸ் மருத்துவக் கல்லூரி ஆகியவற்றோடு ஒரே கூட்டமைப்பில், நடந்துபோகும் தொலைவில் உள்ளது. நூலகம் பொது, ஒன்றின் மாணவி மற்றொன்றில் பாடம் எடுக்கலாம், பொறியியல் விரும்புவோருக்கு வேறு பல்கலைக்கழகத்தோடு இணைந்த இரட்டைப் பட்டத் திட்டமும் உண்டு.

பென்னட்டுக்கு மிக அருகில் இருப்பது வட கரோலினா ஏ அண்ட் டி மாநிலப் பல்கலைக்கழகம். 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்களோடு, நாட்டிலேயே மிகப் பெரிய கறுப்பினப் பல்கலைக்கழகம் அது. அதே ஊரில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாகமும் இருக்கிறது. சிறு வளாகத்தில் கிடைக்காத பாடத்தை இவற்றில் எடுக்க இப்போது எந்த ஏற்பாடு நடைமுறையில் உள்ளது, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, பேருந்து ஓடுகிறதா என்று கேட்டு அறிய வேண்டும். 'அனுமதி உண்டு' என்ற பதிலோடு நிற்காமல், போன ஆண்டு எத்தனை மாணவியர் அப்படிப் படித்தார்கள் என்றும் கேளுங்கள்.

வளாகத்துக்குப் போகும்போது

இதுவரை எதுவும் தடுக்கவில்லை என்றால், இப்போது வளாகத்துக்குப் போகலாம். இந்த இடத்தில் வரலாறு முக்கியமாகிறது, ஏனெனில் இத்தகைய கல்லூரி தரும் தனிப்பயன் அதிலிருந்தே வருகிறது. கறுப்பின நடிகர்கள் வெள்ளையருக்குச் சமமாகத் தோன்றும் காட்சிகளை நகரத் திரையரங்குகள் நீக்கிவந்ததை எதிர்த்துப் பென்னட் மாணவியர் 1937-இலேயே புறக்கணிப்பு நடத்தியவர்கள். 1958-இல் மார்ட்டின் லூதர் கிங் பேசுவதற்குக் கிரீன்ஸ்பரோவில் மற்ற இடங்கள் தயங்கியபோது, கல்லூரித் தலைவர் வில்லா பிளேயர் பென்னட்டின் தேவாலயத்தைத் திறந்துவிட்டார். 1960 பிப்ரவரி முதல் தேதி ஏ அண்ட் டி மாணவர் நால்வர் வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய வூல்வொர்த் கடையின் உணவு மேடையில் அமர்ந்து தொடங்கிய போராட்டத்தில் பென்னட் மாணவியரும் திரளாகப் பங்கேற்றார்கள். அக்காலப் போராட்டங்களில் மாணவியர் சிறைப்பட்டபோது, பிளேயர் அவர்களைச் சிறைக்கே போய்ப் பார்த்தார். பாடமும் தேர்வும் தடைபடாதபடி ஆசிரியர்களை அங்கே அனுப்பினார். கிரீன்ஸ்பரோவின் முதல் கறுப்பின மேயரான இவோன் ஜான்சன் பென்னட்டில் படித்தவர்.

சிறு கல்லூரியில் தலைவருக்கே உன் பெயர் தெரியும் என்று விளம்பரங்களில் சொல்வார்கள். அது இன்றும் உண்மையா என்பதை அரை நாளில் கண்டுபிடித்துவிடலாம். சுற்றிக் காட்டுபவரிடம் விடைபெற்ற பிறகு உணவுக்கூடத்தில் போய் உட்காருங்கள். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவியர் இருவரிடம், உங்கள் ஆலோசகர் யார், கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று உங்கள் பெண்ணையே கேட்கச் சொல்லுங்கள். பெயரும் நாளும் தயங்காமல் வந்தால் விளம்பரம் பொய்யன்று. முடிந்தால் ஓரிரவு விடுதியில் தங்க வையுங்கள். துணி துவைக்கும் இயந்திரம், வெந்நீர், இரவில் நூலகம் மூடும் நேரம், மனநல ஆலோசகர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார் என்பன அந்த ஓரிரவில் தெரியவரும். கிரீன்ஸ்பரோவுக்குப் போகிறவர்கள் பழைய வூல்வொர்த் கட்டடத்தில் 2010 முதல் இயங்கும் குடிமை உரிமைகள் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

வட கரோலினாவிலும் ஜார்ஜியாவிலும் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பெண்ணுக்கு விண்ணப்பிக்க முழு உரிமை உண்டு. ஆனால் வேறெங்கும் இடம் கிடைக்காததால் அல்லது கட்டணம் குறைவு என்பதால் மட்டும் இங்கே அனுப்புவது அவளுக்கும் நன்றன்று, அந்தச் சமூகத்துக்கும் மரியாதையன்று. கறுப்பினப் பெண்களின் வரலாறும் எழுத்தும் அனுபவமும் நடுவில் இருக்க, தான் ஓரத்தில் இருந்து கற்கப்போகிறோம் என்பதை அவள் விரும்பி ஏற்கிறாளா என்று கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களின் மனத்தில் நிறம் பற்றிய எண்ணங்கள் ஏதேனும் இருந்தால், அதைப் பேசித் தீர்க்க வேண்டிய நேரமும் இதுவே. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மாணவர் விசாவில் வர நினைப்போர், கூட்டாட்சி உதவித்தொகையும் கடனும் தமக்கு இல்லை என்பதையும், கல்லூரிக்கு வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் அரசு அனுமதி நடப்பில் உள்ளதா என்பதையும் முதலிலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இடத்தை ஏற்கும் முன்

பல கல்லூரிகள் மே முதல் தேதிக்குள் முடிவைக் கேட்கும். முன்பணமும் கட்டச் சொல்லும். சேர்க்கை முன்பணம், விடுதி முன்பணம் இரண்டும் தனித்தனி. எது எந்தத் தேதிவரை திரும்பக் கிடைக்கும் என்பதைத் தொலைபேசியில் கேட்டு நிறுத்தாமல் மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். நிதியுதவி போதவில்லை என்றால், கட்டும் முன்பே மறுபரிசீலனை கேட்டு எழுதுங்கள். வேலையிழப்பு, மருத்துவச் செலவு போன்ற மாற்றங்களுக்கு ஆவணம் இணைத்தால் தொகையை மாற்றும் அதிகாரம் நிதியுதவி அலுவலகத்துக்கு உண்டு. விடை வரும்வரை மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் கிடைத்த இடத்தைக் கைவிட வேண்டாம். சேர்ந்த பிறகும் முதலாண்டு முடிவில் அங்கீகாரத் தரவுத்தளத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைச் செலுத்துங்கள்.